ஒத்திகை ஜெனரல்

ஒரு படைமுகாமுக்கு ஜெனரல் வருகிறார் என்றால் அங்கே போரைத் தவிர மற்ற எல்லாம் நடக்கும். அந்த முகாமிலும் அப்படித்தான். மேலிடத்துச் செய்தி வந்த அன்றே துப்பாக்கியை ஓரமாகச் சாத்திவிட்டு ஆளுக்கொரு சுண்ணாம்பு மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கட்டடங்களின் முன்பக்கச் சுவர் பளபளத்தது. பின்பக்கச் சுவரை யாரும் தொடவில்லை. எந்த ஜெனரலும் பின்பக்கம் போய்ப் பார்த்ததாக வரலாறு கிடையாது.

அந்தக் காலத்தில் பெரிய அதிகாரிகள் குதிரையில் வருவார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். அகப்பட்டவனை நாலு வாங்கு வாங்கிவிட்டுப் போய்விடுவார்கள். அவன் ஒருத்தனுக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்காது. இப்போது காலம் ரொம்ப முன்னேறிவிட்டது. சொல்லிவிட்டு வருகிறார்கள். அதனால் முகாம் முழுக்க யாருக்கும் சோறு இறங்குவதில்லை.

சோறு என்று சொன்னதும் அதைச் சமைத்தவனைச் சொல்லவேண்டும். மெஸ் சமையல்காரன். முகாமில் அவனை எல்லாரும் அண்டா என்றுதான் கூப்பிட்டார்கள். அடுப்பில் ஏறும் அண்டாவுக்கும் அவன் வயிற்றுக்கும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல உயரம், கனத்த கழுத்து, இடிமாதிரிக் குரல். ஆனால் அந்தக் குரலில் அவன் இத்தனை வருஷமாகப் பேசிய ஒரே வார்த்தை "சரிங்க சார்."

அவனுக்கு ஒரே மகள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. "அப்பா, மண்டபத்துல நீங்கதான் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும்" என்று அவள் போனில் சொன்னதிலிருந்து அண்டா தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தான். அப்போதுதான் உத்தரவு வந்தது: மேதகு ஜெனரல் அவர்களின் வருகை இனிது நிறைவேறும் வரை எவருக்கும் எக்காரணம் கொண்டும் விடுப்பு இல்லை.

அண்டா கையைத் துடைத்துக்கொண்டு கர்னல் அறைக்குப் போனான். கர்னல்தான் முகாமுக்குத் தலைவர்.

"சார், பொண்ணுக்குக் கல்யாணம்."

"வாழ்த்துகள்" என்றார் கர்னல், தலையைத் தூக்காமல்.

"லீவு வேணும் சார்."

"அது வேற விஷயம். கல்யாணம் உனக்கா?"

"இல்ல சார், பொண்ணுக்கு."

"அப்ப நீ எதுக்கு?"

"நான் அப்பா சார்."

"அப்பாங்கிறது நிரந்தரப் பதவிய்யா. ஒரு நாள் போகலன்னா யாரும் பறிச்சுடமாட்டாங்க. என் பதவி அப்படியா? ஜெனரல் முகம் சுளிச்சார்னா போச்சு." கர்னல் பெருமூச்சு விட்டார். "சரி, உனக்காக ஒண்ணு செய்யறேன். ஜெனரல் வர்ற அன்னைக்கு 'குறை கேட்பு'ன்னு ஒரு நிகழ்ச்சி இருக்கு. அதுல நீ எழுந்து உன் குறையைச் சொல்லு. அவர் மனசு வச்சா லீவு. அவர் ஒருத்தருக்குத்தான் இப்ப அந்த அதிகாரம்."

அறை மூலையில் நின்றுகொண்டிருந்த கேப்டன் அண்டாவையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கேப்டன் சமீபத்தில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்த பயிற்சிக்குப் போய்வந்தவன். 'வருகையாளர் அனுபவ மேலாண்மை' என்று அந்தப் பயிற்சிக்குப் பெயர். துப்பாக்கி சுடுவதில் சுமார். ஆனால் ஆயுதக் கிடங்கில் மல்லிகை வாசனை அடிக்கச் செய்யவேண்டும் என்று கண்டுபிடித்தவன் அவன்தான்.

"கொஞ்சம் திரும்பு" என்றான். அண்டா திரும்பினான். "கையைப் பின்னால கட்டு. நட. நில்லு. சார், பாருங்க! அதே உயரம், அதே வயிறு. அச்சு அசல் ஜெனரல்!"

பெரிய வருகை என்றால் ஒத்திகை உண்டு. ஒத்திகை என்றால் ஜெனரல் இடத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும். வழக்கமாக எவனாவது ஒரு சிப்பாயை நிறுத்துவார்கள். கேப்டனுக்கு அது பிடிக்கவில்லை. "ஒத்திகைன்னா உண்மைத்தன்மை வேணும் சார்" என்றான். "ஜெனரல் மாதிரி இருக்கிறவன் நின்னாத்தான் பயம் வரும். பயம் வந்தாத்தான் மரியாதை வரும்."

இப்படியாக, லீவு கேட்கப் போன சமையல்காரன் ஜெனரலாகத் திரும்பிவந்தான்.

முதல் நாள் ஒத்திகையில் அண்டாவுக்கு ஜெனரல் உடுப்பும் பொன்னிறக் கரை போட்ட தொப்பியும் கொடுத்தார்கள். தொப்பி தலையில் ஏறியதும் கேப்டன் விறைப்பாகச் சல்யூட் அடித்து, "வாங்க சார், இந்தப் பக்கம் எழுந்தருளணும்" என்றான். அண்டா பதறிப்போய்ப் பதிலுக்கு "சரிங்க சார்" என்றான். "சரிங்க சார் கிடையாது! 'ம்'முனு சொல்லு. அது போதும்" என்று கேப்டன் காதைக் கடித்தான்.

அணிவகுப்பு முடிந்து தேநீர் வந்தது. அண்டா ஒரு மிடறு குடித்தான். "டீ ஆறிப்போச்சு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

கர்னலின் முகம் வெளுத்தது. கேப்டன் குறித்துக்கொண்டான்.

மத்தியானம் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு அண்டா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். கேப்டன் புயல்மாதிரி உள்ளே வந்தான்.

"என்னய்யா டீ போட்ட? ஜெனரல் வாயில வைக்க முடியலன்னுட்டார். வெட்கமா இல்ல உனக்கு?"

"நான்தானே சார் சொன்னேன்?"

"நீ சொல்லல. ஜெனரல் சொன்னார்."

"அந்த ஜெனரல் நான்தானே சார்?"

"எதிர்த்துப் பேசாதே. இதுக்குத் தண்டனையா சாயங்காலம் பாத்திரம் முழுக்க நீயே தேய்க்கணும்."

அண்டா தேய்த்தான். பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான் முகாமின் முடிதிருத்துபவன். அவனுக்குப் பட்டப்பெயர் கத்திரி. அவன் வாய் அதைவிடக் கூர்மை.

"நல்லா தேய்ங்கண்ணே. ஜெனரலா இருந்து உத்தரவு போட்டு, சமையல்காரனா இருந்து உதை வாங்குறீங்க. படையில இதுவரைக்கும் ரெண்டு வேலையையும் ஒரே ஆளு பாத்ததில்ல."

"டேய், சிரிக்காதடா. ஆனா ஒண்ணு கவனிச்சியா? நான் சொன்னது நடக்குது."

ஆமாம், நடந்தது. அதுதான் விந்தை. ஒத்திகை ஜெனரல் சொன்னதைச் செய்யாமல் விட்டால் ஒத்திகையில் உண்மைத்தன்மை போய்விடும் என்பது கேப்டனின் சித்தாந்தம். வாசல் காவல்காரன் ஒருவனின் பூட்ஸ் வாய்பிளந்து கிடந்ததை அண்டா பார்த்து, "இவனுக்குப் புதுசு குடுங்க" என்றான். பல காலமாகக் கெஞ்சியும் கிடைக்காத பூட்ஸ் அன்று மாலையே வந்தது. கழிப்பறைக் கதவு பொருந்தியது. குழாயில் தண்ணீர் வந்தது. சிப்பாய்கள் அண்டாவைக் கண்டால் தனியாகக்கூடச் சல்யூட் அடிக்க ஆரம்பித்தார்கள். பாதி கேலிக்கு, பாதி எதற்கும் இருக்கட்டுமே என்று.

நிஜ ஜெனரலோ வந்தபாடில்லை. தவிர்க்கவியலாத காரணங்களால் வருகை தள்ளிவைக்கப்படுகிறது என்று ஒருமுறை. எதிர்பாராத காரணங்களால் மறுபடி ஒருமுறை. அடுத்தமுறை காரணமே சொல்லவில்லை, காரணங்கள் தீர்ந்துபோயிருக்கும். வருகை தள்ளத் தள்ள ஒத்திகை கூடிக்கொண்டே போனது. கல்யாணமும் நெருங்கிக்கொண்டே வந்தது.

இதற்கிடையில் அண்டாவுக்குள் ஏதோ ஒன்று ஊறத் தொடங்கியது. முதலில் நடை மாறியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தான். பிறகு 'ம்' வந்தது. உப்புப் போதுமா என்று கேட்ட உதவியாளுக்கு 'ம்' என்றான். போதும் என்று அர்த்தமா, போதாது என்று அர்த்தமா என்று தெரியாமல் அவன் இரண்டுதடவை போட்டான்.

ஒருநாள் ஒத்திகையில் மைதான ஓரத்து மரத்தைக் காட்டி, "இது கொடியை மறைக்குது" என்றான் அண்டா. சும்மா ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொன்னதுதான். சாயங்காலத்துக்குள் மரம் விறகாகிவிட்டது.

கத்திரி ஓடிவந்தான். அந்த மரத்தடியில்தான் அவன் நாற்காலி போட்டு முடி வெட்டுவான்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? மொத்த முகாமும் நிழலுக்கு ஒதுங்குன ஒரே மரம். இனிமே வெயில்ல உக்காந்து எவன் தலையைக் குடுப்பான்?"

"ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குப்பா."

"யாரு, நீங்களா பேசுறது?"

"கொடி தெரியணும். தலை அப்புறம்."

கத்திரி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அண்ணே, தொப்பியக் கழட்டிட்டுப் பேசுங்க" என்றான். தொப்பி அப்போது அண்டாவின் தலையில் இல்லை.

கல்யாணத்துக்குச் சில நாட்களே இருந்தபோது கேப்டன் ஒரு புதுச் செய்தியோடு வந்தான். மேலிடத்துக்கு ஒத்திகையைப் படம் பிடித்து அனுப்பவேண்டுமாம். பறக்கும் கேமரா வருகிறதாம். இந்தமுறை குறை கேட்பு நிகழ்ச்சியையும் சேர்த்து நடத்தவேண்டுமாம்.

"குறை கேட்புக்குக் குறை வேணுமே" என்றார் கர்னல். "நம்ம முகாம்ல குறையே இல்லன்னுதானே மேலே சொல்லியிருக்கோம்?"

"ஒண்ணு இருக்கு சார். சமையல்காரன் லீவு. அது ஒண்ணுதான் உங்க காதுக்கு வந்த குறை. மத்ததெல்லாம் காதுக்கு வராததால குறையில சேராது."

"ஆனா அவன்தானே ஜெனரலா உக்காந்திருப்பான்? யாருகிட்ட கேப்பான்?"

கேப்டன் இதற்கும் யோசித்து வைத்திருந்தான். "சமையல்காரன் ஜெனரலுக்குப் பதிலா நிக்கிறான். சமையல்காரனுக்குப் பதிலா வேற ஒருத்தன் நிக்கட்டும்."

அந்த வேறொருத்தனாகக் கத்திரியைப் பிடித்தார்கள். அவனுக்குத்தான் அண்டாவின் கதையெல்லாம் அத்துப்படி.

அன்று சாயங்காலம் கத்திரி அண்டாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அண்ணே! அடிச்சது யோகம்! நீங்க சொன்னா நடக்குது. நாளைக்கு நான் எழுந்து லீவு கேக்கறேன். நீங்க 'குடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ராத்திரி வண்டி ஏறிடுங்க. உங்களுக்குக் குடுத்தா அப்புறம் நாங்களும் வரிசையா கேப்போம். எல்லாருக்கும் கதவு திறந்துடும்ண்ணே!"

அண்டாவின் கண் கலங்கிவிட்டது. "உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்டா" என்றான். போனை எடுத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டான்: "வந்துருவேன்னு வச்சுக்கோ."

மறுநாள் மைதானத்தில் மொத்த முகாமும் உட்கார்ந்திருந்தது. மரம் இல்லாததால் வெயில் நன்றாகவே விழுந்தது. மேடையில் உயரமான நாற்காலி. அதில் அண்டா. தலைக்கு மேலே தேனீமாதிரி ரீங்காரமிட்டபடி கேமரா சுற்றியது. கர்னல் கைகட்டி நின்றார். கேப்டன் ஒலிபெருக்கியில், "மேதகு ஜெனரல் அவர்கள் இப்போது தமது படைவீரர்களின் இன்னல்களைப் பரிவோடு செவிமடுப்பார்கள்" என்றான்.

கத்திரி எழுந்தான். இங்கேதான் ஒரு தப்பு நடந்தது. தப்பு என்றால், அவன் நன்றாக நடித்துவிட்டான்.

அண்டாவின் நடையை அப்படியே நடந்தான். பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து வந்தான். இடுப்பில் இல்லாத சமையல் துண்டில் கையைத் துடைத்தான். தோளைக் குறுக்கினான். மூக்கை உறிஞ்சினான். "சார்... பொண்ணுக்குக் கல்யாணம் சார்... நான் அப்பா சார்..." என்று இழுத்தான். சிப்பாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கர்னல்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அண்டா மேலேயிருந்து அந்த உருவத்தைப் பார்த்தான். தன்னைத்தான் பார்க்கிறோம் என்று அவனுக்கு முதலில் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. கூன்போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கெஞ்சிக்கொண்டு, எவனோ ஒருவன். இவனைப் போய் எப்படிச் சகித்துக்கொண்டிருந்தார்கள் இத்தனை வருஷம்? நிமிர்ந்து நிற்கத் தெரியாத இவனுக்கு லீவு ஒரு கேடா?

"ம்" என்றான்.

கத்திரி கண்ணைக் காட்டினான். அண்டா அசையவில்லை. கத்திரி ஓர் அடி முன்னால் வந்து, ஒலிபெருக்கிக்குக் கேட்காமல் முணுமுணுத்தான்: "அண்ணே, சொல்லுங்கண்ணே. குடுன்னு சொல்லுங்க."

"யாரைப் பாத்து அண்ணேங்கிற?"

அந்த இடிக்குரல் முழுசாக வெளியே வந்தது அன்றுதான். சிரிப்பு அறுந்து விழுந்தது.

"அண்ணே, நான்தான்..."

"நேரா நில்லுடா! பொண்ணுக்குக் கல்யாணமாம், கல்யாணம்! எவன் வீட்டுல கல்யாணம் இல்ல? உன் பொண்ணுக்கு ஒரு நாள் கல்யாணம். நாட்டுக்குத் தினமும் காவல். ஒரு நாள் நீ போனா, அன்னைக்கு எதிரி வந்தா, கல்யாணச் சாப்பாட்டையா எடுத்து வீசுவ? லீவு கிடையாது! போய் உக்காரு!"

முதலில் கர்னல் கைதட்டினார். கேப்டன் தட்டினான். கேமரா தாழ இறங்கி அண்டாவின் முகத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கர்னல் தட்டுவதைப் பார்த்துச் சிப்பாய்களும் தட்டினார்கள். ஏன் தட்டுகிறோம் என்று ஒருத்தன் பக்கத்தவனைக் கேட்டான். "தட்டுடா, கேமரா இருக்கு" என்றான் பக்கத்தவன்.

தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தபோதுதான் தான் மறுத்தது யாருடைய லீவு என்று அண்டாவுக்கு உறைத்தது. கேப்டனைத் தேடி ஓடினான். படத்தை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டுக் கேப்டன் சாயங்காலம்தான் கையில் அகப்பட்டான்.

"சார், சார், நான் தெரியாம... அந்த லீவு எனக்குத்தான் சார்!"

"தெரியும். ஜெனரல் மறுத்துட்டாரே."

"ஜெனரல் நான்தானே சார்?"

"அது காலையில. இப்ப நீ சமையல்காரன். ஜெனரல் சொன்னதை மாத்தச் சொல்ல உனக்கு என்னய்யா தகுதி?"

"அப்ப நாளைக்கு ஒத்திகையில தொப்பிய மாட்டிக்கிட்டு நானே மாத்திடறேன் சார்."

"நாளைக்கு ஒத்திகை கிடையாது" என்றான் கேப்டன். அவன் முகத்தில் அப்படியோர் ஒளி. "மேலிடத்துல படத்தைப் பாத்துட்டாங்க. ஜெனரல் அவரே பாத்திருக்கார். தனக்கே தன்னைப் பாத்து மெய்சிலிர்த்துப் போச்சாம். வருகை இனிது நடந்து முடிந்ததாகக் கருதப்படுகிறதுன்னு சொல்லிட்டாங்க. இனி அவர் வரவேண்டியதே இல்ல. கர்னலுக்கு மெடல்!"

"வருகை முடிஞ்சாச்சுன்னா லீவுத் தடையும் முடிஞ்சாச்சே சார்!"

"அங்கதான் இன்னொரு நல்ல செய்தி. நீ, இல்ல, ஜெனரல் சொன்ன அந்த வாசகம் எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. 'உன் பொண்ணுக்கு ஒரு நாள் கல்யாணம், நாட்டுக்குத் தினமும் காவல்.' அதை எல்லா முகாம் சுவர்லயும் எழுதச் சொல்லியிருக்காங்க. வெறுமனே எழுதினாப் போதாதே, அதன்படி நடக்கவும் வேணுமே. இனிமே கல்யாணம், காதுகுத்து, பிரசவம் எதுக்கும் எந்த முகாம்லயும் லீவு கிடையாது."

வாசகத்தை எழுத முன்பக்கச் சுவரில் இடமில்லை. புதுச் சுண்ணாம்பு கெட்டுவிடும் என்றார்கள். அதனால் முதன்முறையாகப் பின்பக்கச் சுவருக்கும் சுண்ணாம்பு கிடைத்தது. எழுதிய சிப்பாயின் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருமுறை அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான். இருந்தாலும் எழுத்து அழகாகவே வந்திருந்தது.

யாரும் அண்டாவோடு பேசவில்லை. கைதட்டியவர்களில் ஒருவர்கூடத் தாம் தட்டியதை ஞாபகம் வைத்திருக்கவில்லை. கத்திரி மட்டும் ஒருநாள் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"டேய், நீ ஏண்டா அப்படி நடிச்ச?" என்று கேட்டான் அண்டா.

"நான் நடிச்சேன்தாண்ணே" என்றான் கத்திரி. "நீங்க?" பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான்.

கல்யாணத்தன்று அண்டா மொத்த முகாமுக்கும் சமைத்தான். இரண்டுதடவை உப்புப் போட்டான். ஒருத்தரும் குறை சொல்லவில்லை. குறை சொல்லும் வழக்கம்தான் ஒழிந்துபோயிருந்ததே. மத்தியானம் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது."

அண்டா கரண்டியைக் கீழே வைத்தான். "பாப்பா அழுதாளா? நான் வரலன்னு?"

"முதல்ல அழுதா. அப்புறம் என் தம்பிய உங்க இடத்துல நிக்க வச்சோம். உங்க உயரம்தானே அவனும்? உங்க கோட்டு கச்சிதமா இருந்துச்சு. நேத்து ஒருதடவை நடந்து பாத்தோம், இன்னைக்குத் தடுமாறவே இல்ல. அவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, சரியான இடத்துல கண்ணைத் துடைச்சான் பாருங்க, மண்டபமே அழுதிடுச்சு. மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும், அப்பான்னா இப்படில்ல இருக்கணும்னு சொன்னாங்க."

"அவங்ககிட்ட உண்மையச் சொல்லலையா?"

"எதுக்கு? இவ்வளவு பிடிச்சுப்போன பிறகு மாத்தினா நல்லாவா இருக்கும்? பாப்பாவும் பழகிட்டா. நாளைக்கு விருந்துக்கும் அவனைத்தான் கூப்பிட்டிருக்காங்க."

அண்டா சுவரில் சாய்ந்தான். "நான்... லீவு கிடைச்சதும் வந்துடறேன்" என்றான்.

"வாங்க, வாங்க. உங்க வீடுதானே" என்றாள் மனைவி. "ஆனா திடீர்னு வந்து நிக்காதீங்க. முன்கூட்டியே சொல்லிட்டு வாங்க. வீட்டைச் சுத்தம் பண்ணணும், உங்ககிட்ட என்ன பேசறதுன்னு எல்லாரும் ஒருதடவை ஒத்திகை பாத்து வச்சுக்கணும்."

அண்டா "ம்" என்றான்.